மகள் வீட்டு வாசல், என் போனில்

8 ஜூன் 2025, ஞாயிறு
சிதம்பரம் போய், மகள் சரண்யா வீட்டு வாசலில் கேமரா வைத்த காலிங்பெல் மாட்டிவிட்டு வந்தேன். மாட்டியவர், "யாரு நம்பர் போடட்டும் சார்?" என்றார். வாங்கிக் கொடுத்தவன் நான். என் நம்பரைச் சொன்னேன். வேறு உள்நோக்கம் கிடையாது — அப்போது.

10 ஜூன்
அங்கே யார் வந்து நின்றாலும் என் போன் கூவுகிறது. செம்மண்டலத்தில் என் வீட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிதம்பரத்துக் கீரைக்காரம்மாவின் பேரத்தைக் கேட்கிறேன். டிவி எதற்கு?

11 ஜூன்
வாய் சும்மா இருந்ததா? சரண்யாவிடம் போனில், "கீர முத்தலு, ஏமாந்துட்டியேம்மா" என்றுவிட்டேன்.
"ஒனக்கு எப்படிப்பா தெரியும்?"
"இப்ப எல்லாமே முத்தல்தான்."
பக்கத்தில் மாப்பிள்ளை மணிவண்ணன் இருமினார்.

18 ஜூன்
மூன்று நாளாகப் பார்க்கிறேன். எட்டு மணிக்குச் சரண்யா பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போகிறாள். எட்டரைக்கு மாப்பிள்ளை சாப்பாட்டுப் பையோடு ஆபீஸ் கிளம்புகிறார். ஒன்பதுக்குத் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொள்கிறார்!
போன் போட்டேன். "எங்க மாப்ள இருக்கீங்க?"
"ஆபீஸ்லதான் மாமா. வேல ஜாஸ்தி."
உடம்புக்கா? வேலை போய்விட்டதா? வேறு யாராவது... சீ, என் புத்தி!

19 ஜூன்
மஞ்சக்குப்பம் மைதானத்தில் நடை. "என்னா மச்சான், வாய மூடிக்கினு நடக்குற? ஜொரமா?" என்றான் தினமும் கூட நடக்கும் நண்பன் உத்திராபதி. அவனிடம் சொன்னால் நான் வீடு சேருமுன் செய்தி சிதம்பரம் சேர்ந்துவிடும். அப்புறம் மாப்பிள்ளை எங்கள் முகத்தில் எப்படி விழிப்பார்? டீயோடு விழுங்கினேன்.

20 ஜூன்
காலை ஒன்பது. மாப்பிள்ளை கதவைத் திறக்கவில்லை. பெல்லுக்கு நேராக நின்றார்.
"மாமா, கீர முத்தல்னு சொன்னப்பவே சந்தேகம். நீங்க போன் போட்டதும் புரிஞ்சிடுச்சு. வேல போயி ஒரு வாரம் ஆவுது. ஞாயித்துக்கெழம நானே சரண்யாகிட்ட சொல்றேன். அதுக்குள்ள என் வீட்டு வாசல எனக்குக் குடுத்துடுங்க மாமா."
அங்கிருந்து அவருக்கு என் முகம் தெரியாது. இருந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

21 ஜூன்
என் நம்பரை எடுத்துவிட்டு அவர் நம்பரைப் போட்டேன். 'நிச்சயமாகவா?' என்று போன் இரண்டு தடவை கேட்டது. அதற்கும் என்னைப் பற்றித் தெரிந்திருக்கிறது.

22 ஜூன், ஞாயிறு
சொல்லியிருப்பாரா? அவள் அழுதிருப்பாளா? தெரியாமல் உட்கார்ந்திருப்பது இவ்வளவு பெரிய வேலையா!

23 ஜூன்
சரண்யா பேசினாள். "அவருக்கு வேல போயிடுச்சாம்ப்பா. நேத்துதான் சொன்னாரு. ரெண்டு பேரும் அழுதுட்டு, பரோட்டா வாங்கித் தின்னோம். ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"
"எனக்கு எப்படிம்மா தெரியும்?"
"அதானே. ஒனக்குத் தெரிஞ்சிருந்தா மஞ்சக்குப்பத்துக்கே தெரிஞ்சிருக்கும்."
வாஸ்தவம்தான் என்றேன்.