இடது பக்கத்து எதிரொலி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முதுகுவலி குறைந்ததா? விடுதியில் விளக்கை அணைத்துவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள்.

லீவில் உங்கள் கிட்டாருக்கு எதிரொலி கொடுக்கும் டிலே பெடலைக் கேட்டு வாங்கி வந்தேனே, அது தயார். கிட்டாரின் நேர் ஒலி இடது ஸ்பீக்கருக்கும் எதிரொலி வலதுக்கும் போனதால்தானே, வலது காது கேட்காத உங்களுக்குக் கச்சேரியில் தாளம் தப்பியது? இனி எதிரொலி இடது பக்கமும் வரும். பள்ளி லேபில் ஒரு ஒயரைப் புதிதாகப் பற்றவைத்தேன். பக்கத்துக் கட்டில்காரி, "என்னடி டாக்டரம்மா, நோயாளி பிழைப்பாரா?" என்று கிண்டலடித்தாள். வலது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். இரண்டு ஒலியும் தெளிவாகக் கேட்டன. அங்கேயே குதித்தேன்.

அதைச் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். "யாருங்க? சத்தமா பேசுங்க" என்றீர்கள். "அப்பா, நான்தான்பா" என்று மூன்று முறை கத்தினேன். "லைன் சரியில்ல போல" என்று வைத்துவிட்டீர்கள்.

லைன் நன்றாகத்தான் இருந்தது அப்பா. பின்னால் அம்மா குக்கரை இறக்கி வைத்த சத்தம்கூட எனக்குக் கேட்டது.

பெடலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது, கொடுத்தனுப்புங்கள். வார்டன் செருப்புச் சத்தம் வருகிறது. பதில் ஒரு வரி போதும். அன்று போனைத் தெரியாமல் வலது காதில் வைத்துவிட்டேன் என்று எழுதுங்கள். நான் நம்பிக்கொள்கிறேன்.

உங்கள் மகள்