வலக்கண்ணில் ஒரு புதுப் படலம்

என் தங்க நைனாவுக்கு,

கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் சுண்ணாம்புத் தூள் உன் இரண்டு கண்ணையும் அவித்த அன்று, கூட இருந்தவர்கள் தண்ணீரைத் தொடவிடவில்லை. தண்ணீர் பட்டால் சுண்ணாம்பு கொதிக்கும் என்று பயந்து தேங்காய் எண்ணெயை ஊற்றினார்கள். பாசத்தில்தான் செய்தார்கள்; உடனே தண்ணீரில் கழுவியிருந்தால் கண் தப்பியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் பிறகு சொன்னார்கள். அதற்காக எனக்குக் கோபம் வராமல் இருக்குமா?

போன சித்திரையில், நானும் வேலைக்குச் சேர்ந்த அதே ஆலையில் என் முகத்துக்கு நேரே சுண்ணாம்பு மூட்டை கிழிந்தது. "தண்ணி ஊத்தாதடி, வெந்துடும்!" என்று எண்ணெயோடு ஓடிவந்தார்கள். தள்ளிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை முக்கினேன். இடக்கண் தப்பியது. வலக்கண் வெளுத்துப்போனது.

கருவிழிமேல் இருக்கும் மெல்லிய படலம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டே இருக்குமாம். அதற்கு விதைபோன்ற ஸ்டெம் செல்கள் விழியோரத்தில் இருக்கின்றன. என் வலக்கண்ணில் அவை செத்துவிட்டன. இடக்கண் ஓரத்திலிருந்து அரிசி முனையளவு எடுத்து, யாரோ ஒரு தாய் பிரசவத்தில் கொடுத்த பனிக்குடச் சவ்வின்மேல் வளர்த்து, வலக்கண்ணில் வைப்பதாகச் சென்னை டாக்டரம்மா சொன்னார். இடக்கண்ணுக்கு ஆபத்து குறைவு, இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன் என்றும் சொன்னார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கீறதே ஒரு கண்ணு. அதையும் நோண்டிக்கினு வந்து, உங்க நைனா மாதிரி சொவுத்தைத் தடவப்போறியா?"

"எனக்கு ரெண்டும் வேணும்மா. ஒண்ணு போதும்னு சொல்றதுக்கு யாருக்கு இன்னா உரிமை கீது?" என்றேன். வாய்தான் அப்படிப் பேசியது. ஆபரேஷன் மேசையில் படுத்ததும் எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன், நைனா. உன்னைத்தான் மனசுக்குள் திட்டினேன், அன்றைக்கு ஏன் முரண்டு பிடிக்காமல் கிடந்தாய் என்று.

கட்டுப் பிரித்து இரண்டு மாதம் ஆகிறது. புதுப் படலம் பிடித்துக்கொண்டது. கலங்கல் இன்னும் போகவில்லை. ஆனாலும் நேற்று இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு காலண்டரில் தேதியைப் படித்தேன். அம்மா இரண்டு முட்டை பொரித்துத் தட்டில் வைத்தாள்.

இன்று ஆலை மேஸ்திரி ஒரு காகிதம் கொண்டுவந்தார். "கண்ணாடி போடாதது உன் தப்புன்னு எழுதிக்கீதும்மா. கையெழுத்துப் போட்டுட்டா பேஜாரு இல்ல." பாதுகாப்புக் கண்ணாடி என்று ஒன்றை ஆலை கொடுத்திருந்தால்தானே போடுவதற்கு?

உன்னிடமும் ஒன்று வந்ததே. கண் தெரியாத உன் கட்டைவிரலைப் பிடித்து அமுக்கி வாங்கிப்போனார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று சாகும்வரை உனக்குத் தெரியாது.

நைனா, உன்மேல் சத்தியம். எத்தனை நாள் ஆனாலும் இந்தக் காகிதத்தை வலக்கண்ணாலேயே எழுத்தெழுத்தாகப் படித்து முடிப்பேன். கையெழுத்துப் போடமாட்டேன்.

உன் மூத்த மகள்,
எஸ்தர்