மாரி வரமாட்டாள் என்று சொல்லிவிட்டேன்

தாராவி,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அன்பு மகள் முத்துமாரிக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை, அதைத்தான் வியாழக்கிழமை போனில் அழுது தீர்த்துவிட்டாயே. ஷில்லாங்கில் மழை விட்டதா, துவைத்த துணி காய்கிறதா, அதை மட்டும் எழுது. என்ன இவள் இந்தக் காலத்தில் பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்துவிட்டாள் என்று நினைப்பாய். நான் போனில் வாயைத் திறந்தால் நீ அழுகிறாய், நீ அழுதால் உன் அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டு சரிம்மா சரிம்மா என்று உருகுகிறார், வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் பாதியைக் கேட்டுவிட்டு பிராக்டிஸ் இருக்கிறது என்று ஓடிவிடுகிறாய். கடிதத்தை யாரும் கட் பண்ண முடியாது. ஏழாவது வரைக்கும் தமிழ் ஸ்கூலில் படித்தவள்தானே, எழுத்துக் கூட்டியாவது கடைசி வரைக்கும் படி. இது ஸ்பீட் போஸ்டில் வந்து சேரும்வரை ரயில் டிக்கெட் எடுக்காதே என்று உன் போனுக்கு ஒரு வரி அனுப்பியிருக்கிறேன், பார்த்திருப்பாய்.

முதலில் நீ இங்கே கிளப்பிவிட்ட கூத்தைச் சொல்கிறேன். என்னிடம் அழுதாயே, அதோடு வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாதா? அடுத்த நிமிஷமே சஃப்ரீனுக்குப் போன் போட்டு நான் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாய். அவள் சின்னப் பெண், உன் கபடி டீமில் ரைடு போகிறவள், உன்னைத் தவிர வேறு சாமி அவளுக்கு இல்லை. அவளிடம் சொன்னால் நம் கல்லியில் வாசலுக்கு வாசல் மைக் வைத்துச் சொன்ன மாதிரிதானே. மறுநாள் காலையில் மாவு வாங்க வந்தவர்கள் ஒருத்தருக்கும் மாவு ஞாபகம் இல்லை. மாரி வந்துருதாளாமே, எந்த வண்டிக்கு வருதா, தாதர்ல இறங்குதாளா குர்லாவுல இறங்குதாளா என்று ஒரே கேள்வி. எனக்குக் கை மாவில் இருக்கிறது, வாயில் என்ன சொல்வது? சஃப்ரீனின் அத்தா வாஹித் பாய் பெல்ட் தைக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார், அக்கா, பேனருக்குச் சொல்லிட்டேன், போட்டோ மட்டும் நல்லதா ஒண்ணு குடுங்க என்றார். நீ போனபோது கட்டிய பேனரே இன்னும் இறங்கவில்லை. கபடியில் கோப்பை கோப்பையாக வாங்கிக்கொடுத்த எங்கள் சிங்கப்பெண் இப்போது புரொஃபெஷனல் ஃபுட்பால் கிளப்பின் கோச் என்று போட்டு, நீ பந்தை இடுப்பில் குடத்தை வைக்கிற மாதிரி வைத்துக்கொண்டு நிற்கிறாயே, அது. ஒரு மழைக்காலத்தைத் தாண்டி அது அங்கேதான் தொங்குகிறது. அதற்குப் பக்கத்திலேயே நீ திரும்பி வந்ததற்கு ஒரு பேனரையும் கட்டினால் பார்க்கிறவன் சிரிக்க மாட்டானா?

அதுகூடப் போகட்டும். பிரேமலதாவை நினைத்துப் பார்த்தாயா? போகும்போது நீயேதானே அவள் கையைப் பிடித்து, என் பிள்ளைகளை நீதான் பார்க்கணும் என்று டீமை ஒப்படைத்தாய்? நீயும் அவளும் ஒன்றாகக் கபடி ஆடியவர்கள், மாட்டேன் என்று சொல்ல முடியாமல் தலையில் ஏற்றிக்கொண்டாள். வாஷியில் ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் நாள் முழுக்க நின்றுவிட்டு, சான்பாடாவில் இருக்கிற வீட்டுக்குப் போகாமல் நேராக ஹார்பர் லைன் ரயிலில் தொற்றிக்கொண்டு இங்கே வருகிறாள். கூட்டத்தில் அவள் செருப்பு எத்தனை தடவை அறுந்தது என்று எனக்குத்தான் தெரியும். நீ வருகிறாய் என்று கேட்டதிலிருந்து உன் பிள்ளைகள் அவளை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை. அவள் இடது மூலைக்குப் போ என்றால் தாயி வந்து சொல்லட்டும் என்கிறார்களாம். அக்கா என்று தமிழில் கூப்பிட்டால் ஆகாதாம், தாயி, தாயி, பெரிய தாயி! வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் கடை முன்னால் வந்து நின்றாள், மாவு கேட்கிறாளோ என்று நான் பாக்கெட்டை எடுத்தேன். பெரியம்மா, அவ வந்தா வரட்டும், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பாட்டுக்கு ஒதுங்கியிருப்பேம்லா என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வருகிற ஞாயிறு செம்பூரில் அவர்களுக்கு செமி ஃபைனல். எனக்கு வந்த கோபத்துக்கு நீ பக்கத்தில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்குமோ தெரியாது.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ செய்தது தப்பே இல்லை, அந்த ஊர் ஆட்களுக்குத்தான் மனுஷத்தனம் இல்லை என்று போனில் சொன்னாய். உன் அப்பாவும் உடனே ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார், அவர் மகள் கொலை செய்தாலும் தலையாட்டுவார். நான் இரண்டு நாளாக மாவு அரைத்துக்கொண்டே யோசித்தேன். இங்கே நீ ஒரு பெண்ணை மேட்ச்சில் இறக்காமல் உட்கார வைத்தால் அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் வீட்டுக்கே போவாய், அவள் அம்மா அப்பா முன்னால் உட்கார்ந்து காரணம் சொல்வாய், கொடுத்ததை ஒரு வாயாவது சாப்பிட்டுவிட்டு, நாளைக்கும் இவளை மைதானத்துக்கு அனுப்புங்க என்று கேட்டுவிட்டு வருவாய். அது எனக்குத் தெரியாதா? அப்படிச் செய்யாவிட்டால் ஆடாத பிள்ளைக்கு என்னத்துக்கு மைதானம் என்று மறுநாளே வீட்டில் பூட்டிவிடுவார்கள். சஃப்ரீனை நீ ஒரு தடவை உட்கார வைத்தபோது வாஹித் பாய் குதித்த குதி கொஞ்சமா? நீ போய் அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்த பிறகு மறுநாள் அவரே அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அதனால்தான் உன் டீம் உடையவே இல்லை, அதனால்தான் ஜெயித்தாய், அதைப் பார்த்துத்தான் அந்த ஃபுட்பால்காரர்களும் டீமைக் கட்டிக்காக்க ஹெட் கோச்சுக்குத் துணையாக உன்னைக் கூப்பிட்டார்கள். எல்லாம் சரி.

ஆனால் அங்கே என்ன பண்ணினாய்? கோல்கீப்பர் பெண்ணை உட்கார வைப்பது என்று ஹெட் கோச் முடிவெடுத்தார். மேட்ச் அன்று காலையில் நானே சொல்வேன், அதுவரை எந்தப் பிளேயரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று கோச்சுகள் உங்கள் எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொன்னார். நீ உடனே உன் தாராவி மூளையைத் தட்டிவிட்டாய். பிளேயரிடம்தானே சொல்லக் கூடாது, அவள் அம்மாவிடம் சொல்லலாமே என்று கண்டுபிடித்து, ஆரஞ்சுப் பழத்தை வாங்கிக்கொண்டு மழையில் பஸ் ஏறிப் போனாயே, அம்மா தாயே, உன்னை நான்தானா பெற்றேன்? அந்தம்மாவுக்கு உன் இந்தி புரியவில்லை, உனக்கு அவர்கள் பாஷை தெரியவில்லை. பக்கத்து வீட்டு டீச்சரைக் கூப்பிட்டு, அந்த டீச்சர் உரக்க மொழிபெயர்க்க, என்ன ஏது என்று தெரு முழுக்க வந்து நின்று கேட்டிருக்கிறது. அந்த நேரத்தில் அந்தப் பெண் வீட்டிலேயே இல்லை. பாட்டுப் பிராக்டிஸுக்கோ எதற்கோ சர்ச்சுக்குப் போயிருந்தவள் சிரித்துக்கொண்டே உள்ளே வருகிறாள், வீடு நிறைய ஜனம், நடுவில் நீ. அவளுக்கு அவள் அம்மா முகத்தைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்திருக்கிறது. விடிவதற்குள் எதிர் டீமுக்கும் தெரிந்துவிட்டது. பிறகு ஹெட் கோச் கத்தாமல் உன்னைக் கொஞ்சுவாரா? பத்தாம் தேதி மீட்டிங்கில் வந்து பதில் சொல், அதுவரை மைதானத்துக்கு வராதே என்றுதானே சொன்னார்கள், வேலையை விட்டு அனுப்பவில்லையே. நீதான் அனுப்பிய மாதிரி பெட்டியைக் கட்டுகிறாய்.

அன்றைக்குப் போனில் நீ எல்லாம் சொன்னாய். ஹெட் கோச் என்ன சொன்னார், மேனேஜர் என்ன சொன்னார், அதற்கு நீ எப்படி வெடுக்கென்று பதில் சொன்னாய், பஸ்ஸில் எப்படி நனைந்தாய், எல்லாம். நடுவில் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று. அவளா, அவ ஒண்ணும் சொல்லலம்மா என்றுவிட்டு மறுபடியும் ஹெட் கோச் கதைக்கே போய்விட்டாய். அவள் பெயரைக்கூட நீ சொல்லவில்லை, கீப்பர் கீப்பர் என்றுதான் சொன்னாய். இங்கே யாரை உட்கார வைத்தாலும் முதலில் மைதானத்திலேயே அந்தப் பிள்ளையின் தோளைப் பிடித்துத் தனியாகக் கூட்டிப் போய் அவளிடம் சொல்லிவிட்டு, அவள் அழுது முடிந்த பிறகு அவளோடு சேர்ந்துதானே வீட்டுக்கு நடப்பாய்? சஃப்ரீனுக்கும் அப்படித்தானே செய்தாய்? பாதியை இங்கேயே மறந்து வைத்துவிட்டு, மீதிப் பாதியை மட்டும் அங்கே கொண்டுபோய், அதற்கு மனுஷத்தனம் என்று பெயர் வைத்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்னொன்றும் யோசி. இங்கே பிள்ளைகள் ஆசைக்கு ஆடுகிறார்கள், அங்கே அந்தப் பெண்ணுக்கு அது வேலை. மார்க்கெட்டில் உன் அப்பாவை நாளையிலிருந்து வேண்டாம் என்று சேட் முடிவு பண்ணி, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பழம் வாங்கிக்கொண்டு வந்து இந்தக் கல்லி கேட்க என்னிடம் சொன்னால் நான் என்ன செய்வேன்? அந்தப் பழத்தை அந்த ஆள் மேலேயே வீசுவேன். உன் அப்பா மறுநாள் எப்படித் தெருவில் தலை நிமிர்ந்து நடப்பார்?

அதனால் நேற்று நான் ஒரு காரியம் செய்தேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. கடையை அப்பாவிடம் விட்டுவிட்டு மைதானத்துக்குப் போனேன். பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு, மாரி வரமாட்டாள், அவளுக்கு அங்கே வேலை இருக்கிறது, உங்கள் கோச் பிரேமலதாதான், அவள் சொல்வதைக் கேட்கிறவள் ஆடலாம், கேட்காதவள் வீட்டில் வந்து எனக்கு உளுந்து கழுவலாம் என்று சொல்லிவிட்டேன். சஃப்ரீன்தான் எங்கிட்ட தாயியே வாரேன்னு சொன்னாங்களே பெரியம்மா என்று விசும்பினாள். சொன்னவள் கோபத்தில் சொன்னாள், நீ போய்க் கோட்டில் நில் என்றேன். போய் நின்றாள். பிரேமலதா விசிலை ஊதினாள், முதலில் மெதுவாகத்தான் ஊதினாள், அப்புறம் சரியாக ஊதினாள். வாஹித் பாயிடம் பேனர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன், அவர் முகம் சுண்டிப்போய்விட்டது, இருந்தாலும் சரிக்கா என்றார். இங்கே இனி உனக்கு டீம் இல்லை மாரி. நான் யார் அதைச் சொல்ல என்று உனக்குக் கோபம் வரும். நன்றாக வரட்டும்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பத்தாம் தேதிக்கு முன்னால் அந்தப் பெண்ணைப் போய்ப் பார். அவள் வீட்டுக்குப் போகாதே, அவள் தனியாக இருக்கிற இடமாகப் பார்த்துப் போ. பழம் கிழம் ஒன்றும் வாங்கிப் போகாதே. அவள் திட்டினால் வாங்கிக்கொள், காரணம் சொல்லாதே, எங்கள் ஊரில் இப்படித்தான் என்று ஆரம்பிக்காதே. அவள் பேச மாட்டேன் என்றால் அதையும் வாங்கிக்கொண்டு வா. அதற்குப் பிறகு மீட்டிங்குக்குப் போய் ரூலை மீறியது நான்தான் என்று நேராகச் சொல். அதற்கு மேலும் அவர்கள் வேண்டாம் என்றால் வா, தாராளமாக வா, அது வேறு. அந்தப் பெண் முகத்தைப் பார்க்க முடியாமல் ஓடி வருவது வேறு. அப்படி வந்தால் இங்கே எந்தப் பிள்ளையின் தோளைப் பிடித்து எதைச் சொல்வாய்?

நீ வரக் கூடாது என்று எழுத எனக்கு மட்டும் ஆசையா? நீ போகும்போது போகாதே என்று ஒரு வாரம் உன்னோடு பேசாமல் இருந்தவள் நான்தான். ராத்திரி சாப்பாட்டுக்கு இன்னும் மூன்று தட்டுதான் எடுத்து வைக்கிறேன், பிறகு ஒன்றைத் திரும்ப அடுக்குகிறேன், உன் அப்பா பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறார். அதையெல்லாம் போனில் சொன்னால் நீ அன்றைக்கே ரயில் ஏறிவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை.

உச்சிமாகாளி உன் கூடவே இருப்பாள், நீ நன்றாக இருப்பாய். சளி மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே, ஈரச் சாக்ஸோடு நிற்காதே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரேமலதாவுக்குப் போன் பண்ணி அவளிடம் மட்டும் பேசு, செமி ஃபைனல் என்ன ஆனது என்று அவளையே கேள். உன் அப்பா கடைசியில் இரண்டு வரி எழுத எனக்கும் இடம் விடு என்று காலையிலிருந்து பின்னாலேயே சுற்றுகிறார். இடம் விட்டால் என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியும், புறப்பட்டு வாம்மா என்று எழுதுவார். அதைப் படித்தால் நீ வந்துவிடுவாய். நீ வந்து வாசலில் நின்றால் உன்னைத் திருப்பி அனுப்ப எனக்கும் மனசு வராது. அதனால் தாளை அடிவரைக்கும் நானே எழுதி நிரப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் தீராத அம்மா,
க. பேராச்சி