நாலாம் பாரம்

முசஃபா,
கார்த்திகை 10, புதன்கிழமை.

அன்புள்ள நாகவள்ளிக்கு,

பாண்டித்துரை எழுதுவது. உனக்கும் ராதிகாவுக்கும் இருக்கன்குடி ஆத்தா துணை இருக்கட்டும். நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன். அதற்கு மேலே சௌக்கியம் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

உனக்குக் கடிதம் எழுதி எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். செல்போன் வந்த பிறகு ஒன்றுகூட இல்லை. எழுத்து கோழி கிளறினது மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கொள். பிரஸ்ஸில் ஒரு ரகசிய வேலை நடப்பதால் நாங்கள் நாற்பது பேரும் ஒரு மாதமாகக் காம்பவுண்டுக்குள்ளேயே கிடக்கிறோம். போனையெல்லாம் வாங்கி ஆபீசில் பூட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைதான் திருப்பித் தருவார்கள். ஆபீஸ் போனில் இரண்டு தடவை உன்னோடு பேசியபோது நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று கிளிப்பிள்ளை போலச் சொன்னேனே, பக்கத்தில் கிளார்க் நின்றுகொண்டிருந்தார்.

இந்தக் கடிதத்தை ஐயப்பன் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். உன் தம்பி லீவில் வரவில்லை, நாகவள்ளி. அவனை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள், விசாவும் கேன்சல். கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது என்று உன்னிடம் சொல்லுவான். நீயும் அப்படியே கேட்டுக்கொள். வந்ததும் வராததுமாக எதையும் துருவாதே. மூன்று நாளாக அவன் சரியாகச் சாப்பிடவில்லை, முதலில் சோற்றைப் போடு. கவரை ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். பிரித்துப் பார்க்கிற ஆள் இல்லை அவன், தெரியும். ஆனாலும் போட்டேன். அவன் வெளியே போன நேரம் பார்த்து மீதியை வாசி.

ராதிகாவுக்கு மாதப் பரீட்சை முடிந்திருக்கும். நர்சிங் படிக்கிற பிள்ளைக்கே ஹாஸ்டல் சாப்பாட்டால் வயிறு சரியில்லை என்றால் என்ன சொல்வது. பருப்புப் பொடி செய்து அனுப்பு. அடுக்களைச் சுவரில் ஓதம் ஏறுகிறது என்றாயே, மழை முடிகிற வரைக்கும் அந்தப் பக்கத்து சுவிட்சைத் தொடாதே. எனக்கு முழங்கால்தான் படுத்துகிறது. பைண்டிங் செக்‌ஷனில் பன்னிரண்டு மணி நேரம் நின்றே பார்க்கிற வேலை. சூப்பர்வைசர் என்று பெயர்தான், உட்கார நாற்காலி கிடையாது. ஐம்பத்து மூன்று வயதில் கால் என்ன செய்யும், அதுவும் பாவம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் ஓதத்தைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும் எழுதினது இதை எழுதப் பயந்துதான்.

ஆப்பிரிக்காவில் ஒரு நாடு. பெயரைச் சொல்லக் கூடாது என்று எங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அந்த நாட்டுக்குப் புதிதாக அரசியல் சட்டம் எழுதியிருக்கிறார்கள். அடுத்த மாதம் அது வேண்டுமா வேண்டாமா என்று ஜனங்கள் ஓட்டுப் போடுகிறார்கள். அதற்கு முன்னால் வீட்டுக்கு ஒரு புத்தகம் போய்ச் சேர வேண்டும். அந்தப் புத்தகத்தைத்தான் இங்கே அச்சடித்தோம். தொண்ணூற்றாறு பக்கம், பதினாறு பக்கத்துக்கு ஒரு மடிப்பாக ஆறு பாரம். உனக்குப் பாரம் என்றால் என்ன என்று நான் சொல்லித் தர வேண்டுமா? கல்யாணத்துக்கு முன்னால் வீட்டிலிருந்தபடியே சிவகாசி பிரஸ்ஸுக்கெல்லாம் மடித்துக் கொடுத்தவள்தானே நீ.

வேலையைப் பார்த்துக்கொள்ள அந்த நாட்டிலிருந்து ஆமிரா என்று ஓர் அம்மாள் வந்திருக்கிறார். உன் வயதுதான் இருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு புத்தகக் கட்டையும் வாய்விட்டு எண்ணுவார். மேடம் என்று கூப்பிடாதீர்கள், சகோதரி என்று சொல்லுங்கள் என்றார். ஐயப்பன் அக்கா என்று கூப்பிட்டான். அன்று முதல் செக்‌ஷன் முழுக்க, பெங்காலி பையன்கள் உள்பட, அவர் அக்காதான். நம் எலுமிச்சம்பழச் சாதத்தை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அவர்கள் ஊர் வேர்க்கடலைக் குழம்பை எங்களுக்குத் தந்தார்.

எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் அவரிடம் கதை கேட்டேன். வெள்ளைக்காரன் போனபோது கொடி முதலில் வந்ததாம், சட்டம் அவன் ஊரிலேயே எழுதி, கட்டி, விமானத்தில் வந்ததாம். ஆறு வருஷம் கழித்து ஒரு பட்டாளத்துக்காரன் ரேடியோவில் பேசி, அந்தச் சட்டம் இன்றிலிருந்து செல்லாது என்றானாம். புத்தகத்தை யாரும் கண்ணால் பார்த்ததே இல்லை, அதனால் என்ன போயிற்று என்றே எங்களுக்குத் தெரியவில்லை என்றார். பிறகு இன்னொரு சட்டம், இன்னொரு பட்டாளம். இந்தத் தடவை மூன்று வருஷம் வேனில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராகப் போய் ஜனங்களிடம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அந்த வேனில் இவரும் போயிருக்கிறார். உங்கள் நாட்டுச் சட்டத்தை நீ வாசித்திருக்கிறாயா என்று என்னைக் கேட்டார். அதன் முகவுரை பள்ளிப் புத்தகத்தில் முதல் தாளாக வரும், ஆயிரக்கணக்கில் மடித்திருக்கிறேன், வாசித்ததில்லை என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

நாலாம் பாரத்தில் ஓர் இடத்தை ஒருநாள் விரலால் தொட்டுக் காட்டினார். யார் அந்த நாட்டுக் குடிமக்கள் என்று சொல்கிற இடம். முதலில் அங்கே ஐந்து வரி இருந்ததாம். அந்த மண்ணில் பிறந்திருந்தால் போதாது, அப்பனும் அங்கேயே பிறந்திருக்க வேண்டும் என்று. ஆமிராவின் அப்பா ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிறந்தவர். வெள்ளைக்காரன் கோடு போட்டபோது ஆறு எல்லையாகிவிட்டது. அறுபது வருஷமாக அந்தக் கரையிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், இந்தக் கரையிலேயே பிறந்தும், ஓட்டும் இல்லாமல் பட்டாவும் இல்லாமல் இருக்கிறார்கள். கடைசி நேரத்தில் அவர்கள் சபையில் சண்டை போட்டு, அங்கே பிறந்தவர் எல்லோரும் அந்த நாட்டவர் என்று மூன்று வரியாக மாற்றிவிட்டார்கள். அதற்குள் இங்கே பழைய நாலாம் பாரம் கொஞ்சம் அச்சாகிவிட்டது. அதையெல்லாம் வெட்டிப் போடு, புதிதாக அடி என்று உத்தரவு வந்தது.

வெட்டிப் போடுகிற வேலையை ஐயப்பனிடம் கொடுத்தேன். ஏன் என்று சொல்லவில்லை. யாரிடமும் சொல்லாதே என்று எனக்கு உத்தரவு. அவன் பார்த்திருக்கிறான். மை பிசகவில்லை, தாள் கசங்கவில்லை. நல்ல பாரத்தை எவனாவது வெட்டுவானா? நாலு கட்டு எடுத்து ரேக்குக்குப் பின்னால் வைத்துவிட்டான். அவனை நான் எப்படித் திட்டுவேன்? நீ வளர்த்த பிள்ளை. எண்ணிக்கை குறைந்தால் பிரஸ்காரன் கூலியில் பிடிப்பான் என்று, நல்ல பாரமாக நாலு எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருப்பாயே, குறை விழுந்தால் அதை வைத்து ஈடுகட்டுவாயே. அதைப் பார்த்து வளர்ந்தவன். கடைசி நாள் மிஷினில் புதுப் பாரம் கொஞ்சம் கிழிந்து குறை விழுந்தது. அவன் அந்த நாலு கட்டையும் எடுத்துக் கொடுத்து ஈடுகட்டிவிட்டான். கணக்கு சரியாக வந்தது. சரிபார்த்தேன் என்று ஷீட்டில் கையெழுத்துப் போட்டவன் நான்.

கட்டுக்கு ஐநூறு பாரம், ஆக ஆறு லட்சம் புத்தகத்தில் இரண்டாயிரம். ஜில்லா வாரியாகக் கட்டுவதால் அந்த இரண்டாயிரமும் ஒரே ஜில்லாவுக்குப் போகிற பெட்டிகளில் இருந்தன. பெட்டிகள் ஜெபல் அலி துறைமுகத்துக்குப் போய்க் கன்டெய்னரில் ஏறிவிட்டன. மறுநாள் கப்பல். கடைசிக் கட்டிலிருந்து சாம்பிளுக்கு எடுத்து வைத்த புத்தகத்தைச் சும்மா புரட்டினேன். அந்தப் பாஷையில் ஓர் எழுத்து எனக்குத் தெரியாது. ஆனால் அக்கா தொட்டுக் காட்டின இடம் தெரியும். அங்கே மூன்று வரி இல்லை. ஐந்து வரி இருந்தது.

ஐயப்பனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். ஆமா அத்தான், பழசுலருந்து எடுத்துத்தான் வச்சேன், குறை விழுந்துச்சுல்ல என்று சந்தோஷமாகச் சொன்னான். அவனிடம் ஒன்றும் சொல்லாமல் சரி போ என்றேன்.

அன்று பகல் முழுக்க நான் பட்ட பாட்டை உனக்கு எப்படி எழுதுவது. வாயை மூடிக்கொண்டிருந்தால் கப்பல் போய்விடும். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று ஒரு பக்கம். தை மாதம் அவனுக்குக் கல்யாணம், சாத்தூர்க்காரர்கள் வெளிநாட்டு மாப்பிள்ளை என்றுதான் பெண் தருகிறார்கள். இன்னொரு பக்கம் அந்த ஜில்லாக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்து வாசிப்பார்கள். பக்கத்து ஊரில் ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டம், மறுபடி ஏமாற்றிவிட்டார்கள் என்பார்கள். மூன்று வருஷம் வேனில் அலைந்த அந்த அம்மாள் எதிரில்தான் உட்கார்ந்து எங்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தார். நான் டீயைக் குடிக்கவில்லை.

மேனேஜர் சாதிக் பாட்ஷாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். மேலப்பாளையத்துக்காரர், நல்ல மனிதர்தான். உடனே ஜெபல் அலிக்குப் போன் போட்டுக் கன்டெய்னரை நிறுத்தினார். இரண்டாயிரத்தையும் திருப்பிக் கொண்டுவந்து பிரித்து, புதுப் பாரம் வைத்துக் கட்டி, அடுத்த கப்பலில் ஏற்றிவிட்டோம். அந்த நாட்டுக்கு இனி ஒரு குறையும் இல்லை.

போனை வைத்துவிட்டு அவர், யாருய்யா அந்தக் கட்ட எடுத்து வச்சது என்று கேட்டார்.

நாகவள்ளி, ஷீட்டில் என் கையெழுத்து இருக்கிறது. வெட்டச் சொன்னவன் நான், காரணம் சொல்லாமல் விட்டவனும் நான். என் தப்பு சார் என்று சொல்லியிருக்கலாம். நான் ஐயப்பன் என்றேன். ராதிகா படிப்பு இருக்கிறது, இந்த வயதில் என்னை வேறு எந்தக் கம்பெனி எடுக்கும் என்பதெல்லாம் அப்புறம் நான் தேடிச் சேர்த்துக்கொண்டது. அந்த நிமிஷத்தில் பயம் மட்டும்தான் இருந்தது. உன் அம்மா போன பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்தாயே, அந்தப் பிள்ளையின் பெயரை ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன்.

ஆமிரா அக்கா போய் மேனேஜரிடம் அவனுக்காகப் பேசினார். இந்தப் புத்தகத்திலேயே ஐந்தாம் பாரத்தில் எழுதியிருக்கிறது, ஒருவனுடைய பக்கத்தைக் கேட்காமல் அவனைத் தண்டிக்கக் கூடாது என்று, அவனைக் கேட்டீர்களா என்றாராம். அது உங்க நாட்டுச் சட்டம் மேடம், இங்க கம்பெனி ரூல் என்று சொல்லிவிட்டாராம் அவர். அக்கா இதை என்னிடம் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஐயப்பன் என்ன நினைக்கிறான் தெரியுமா? அக்காதான் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைக்கிறான். அக்கா கண்ணுக்குத் தப்புமா அத்தான், நல்ல வேள கப்பல் போகல என்கிறான். அவர் மேல் அவனுக்குக் கோபமே இல்லை. அது மட்டுமா, உங்க வேலைக்கு ஒண்ணும் வரலல்ல, அது போதும் அத்தான் என்று வேறு சொல்கிறான். பெட்டி கட்டும்போது ராதிகாவுக்கு வாசனை சோப்பு வாங்கி வைத்திருந்ததை எடுத்துக் காட்டினான். நான் கயிறு கட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அவனிடம் சொல்லுவதா வேண்டாமா என்பதை உன்னிடம் விட்டுவிட்டேன். சொன்னால் அவன் இனி என்னை அத்தான் என்று கூப்பிடுவானோ என்னவோ. சொல்லாவிட்டால் அவன் கல்யாணப் பந்தலில் நான் முன்வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். இரண்டில் எதைத் தாங்க முடியும் என்று எனக்கே தெரியவில்லை. சாத்தூர்க்காரர்களிடம் நீ இப்போதைக்கு ஒன்றும் பேசாதே. தைக்கு நான் எப்படியும் லீவு கேட்டு வருகிறேன். அவர்கள் வீட்டுக்கு நானே நேரில் போய், தப்பு என்னுடையது, மாப்பிள்ளையுடையது இல்லை என்று சொல்கிறேன். இங்கே சொல்லத் தவறினதை அங்கேயாவது சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் போன் கைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு நான் எங்கேயும் போக மாட்டேன், கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பேன். உன்னைக் கூப்பிடும் தைரியம் எனக்கு இல்லை. நீ கூப்பிடு. திட்டு, அழு, எது வேண்டுமானாலும் செய். உன் தம்பியின் பக்கத்தை ஒருவரும் கேட்கவில்லை, நானும்தான் கேட்கவில்லை. அதனால் இதைக் கேட்க எனக்கு வாய் கிடையாது. ஆனாலும் கேட்கிறேன். நீ ஒரு முடிவுக்கு வருவதற்கு முன்னால் என்னை ஒருதடவை கேட்டுவிடு, நாகவள்ளி.

இப்படிக்கு,
பாண்டித்துரை