மைலுக்கு மாறிய வழி

அன்புள்ள டிரைவர் ஐயாவுக்கு,

பக்கத்து சீட்டிலிருந்து உங்கள் சீட்டுக்குப் பதவி உயர்வு பெற்றவள் எழுதுகிறேன். நானும் மகளும் சுகம். வேனுக்கு மட்டும் மேடு ஏறும்போது இருமல். மெக்கானிக் சொன்னதில் பாதி புரிந்தது, மீதிக்குத் தலையாட்டி வைத்தேன். மகளுக்கு வேலை கிடைத்ததை அவளே போனில் சொல்லியிருப்பாள்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை நான் போனில் சொல்லவில்லை. ஒரு தையல்காரர் வீடு மாறினார், சாமான்களை நம் வேனில் ஏற்றினோம். புது வீட்டுக்கு வழி தெரியாது, போன் வரைபடத்தை நம்பிப் போனேன். வழி சொல்லும் அந்தப் பெண் குரலை நான் எப்போதும் அடைத்து வைத்துவிடுவேன். வேனுக்குள் அதிகாரம் பண்ண ஒருத்தி போதும். திரையில் 0.3 தாண்டி வலப்பக்கம் என்று இருந்தது. முந்நூறு மீட்டர் என்று நினைத்து அங்கிருந்த சந்துக்குள் விட்டேன். பாதியில் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. தையல்காரரின் மனைவி, "பொம்பளை ஓட்டுறாங்கன்னதும் அப்பவே யோசிச்சேன்" என்றாள், தானும் பொம்பளைதான் என்பதை மறந்து.

சாமான் தூக்க வரும் நம் பீரோதான் (அலமாரியைத் தனியாளாகத் தூக்கியவனுக்கு நீங்கள் வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது) போனை வாங்கிப் பார்த்தான். "அண்ணி, இது கிலோமீட்டர் இல்ல, மைலு. இன்னும் தள்ளிப் போய்த் திரும்பியிருக்கணும். அண்ணன் வெளிநாட்டுல மாத்தியிருக்காரு. ரெண்டு போன்லயும் ஒரே அக்கவுண்ட், அதான் இங்கயும் மாறிடுச்சு" என்றான். எது வேண்டுமோ அதை நாமே தொட்டுத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாமாம். மாத்திடவா என்று கேட்டான். நான் வேண்டாம் என்று போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

நாம் எந்தக் காலத்தில் மைலையும் கிலோமீட்டரையும் பார்த்தோம்? இன்னும் எவ்வளவு தூரம் என்றால், "ரெண்டு பாட்டு" என்பீர்கள். ஒருமுறை சோபாவோடு வந்த வக்கீல் கேட்டதற்கு, "மூணு பாட்டு, ஒரு டீ" என்றீர்கள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன். வீடு வந்த பிறகும் பாட்டு முடியவில்லை என்றால் தெருவைத் தாண்டிப் போய், முடித்துவிட்டுத்தான் திரும்புவோம். எனக்கு அந்த நாட்கள் வேண்டும் போலிருக்கிறது. வெட்கமில்லாமல்தான் எழுதுகிறேன்.

அங்கே போன புதிதில், "இந்த மைல் கணக்கு என் மண்டையில ஏறாது, ஏறவும் வேணாம், கொஞ்ச நாள்தானே" என்றீர்கள். இப்போது ஏறிவிட்டது. நல்லதுதான், லாரி ஓட்டுகிறவருக்கு அந்த ஊர்க் கணக்கு தெரிய வேண்டும். ஆனாலும் அந்தச் சந்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தபோது, இவர் அந்த ஊர்க்காரராகிவிட்டாரோ என்று தோன்றிவிட்டது.

முதலாளி இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்கிறார், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றீர்கள். உங்கள் இஷ்டம் என்றேன். பக்கத்தில் மகள் இருந்தாள், வேறென்ன சொல்வேன்? அவள் படிப்புக்காகத்தான் போனீர்கள். படிப்பு முடிந்தது, வேலையும் கிடைத்தது. என் இஷ்டத்தையும் கேட்டால், அங்கே இருந்தது போதும்.

நான் இங்கே மாற்றினால் உங்கள் போனிலும் மாறிவிடும் என்றான் பீரோ. தெரியாத சாலையில் அவ்வளவு பெரிய லாரியோடு நீங்கள் தவறான இடத்தில் திரும்பிவிடக் கூடாது. அதனால் மைலிலேயே ஓட்டிப் பழகிக்கொண்டிருக்கிறேன். அதை நீங்கள்தான் மாற்ற வேண்டும். கிளம்புவது என்று முடிவானால் எனக்குப் போன்கூடப் பண்ண வேண்டாம். தினமும் காலையில் வண்டியை எடுக்கும் முன் திரையைப் பார்ப்பேன். கிலோமீட்டர் என்று வந்திருந்தால் புரிந்துகொள்வேன்.

பார்த்து ஓட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வண்டியையும் வீட்டையும் ஓட்டிக்கொண்டிருப்பவள்