ஆறாம் நம்பர் கால்

மார்ச் 3, திங்கள்

மருத்துவமனைச் சீருடை நாற்பது. மதியத்துக்குள் வெட்டி முடித்துவிட்டேன், கடைசிப் பத்தை மட்டும் ஒற்றைக் காலில் நின்று வெட்டினேன். தையல் கடையில் கட்டிங் மாஸ்டர் உட்கார முடியுமா? வலது கால் கட்டைவிரல் பக்கத்துப் புடைப்பு விண்விண்ணென்று தெறிக்கிறது. மேசைக்கு அடியில் ஷூவைக் கழற்றித் தரையில் காலை வைத்ததும்தான் உயிர் வந்தது.

மாலையில் அக்கா போன் செய்தாள். ஏப்ரல் இருபதாம் தேதி மலைக்கு வண்டி பேசியாகிவிட்டதாம். பக்கத்திலிருந்து அத்தான் குரல்: "காவல்காரியும் வர்றாளா?" மூன்று வருடமாக அவர்கள் எல்லோரும் உச்சிக்குப் போவார்கள், நான் அடிவாரத்து டீக்கடை பெஞ்சில் பைகளுக்குக் காவல். வழக்கமாகச் சிரித்துவிட்டு வைத்துவிடுவேன். இன்றைக்கு என்ன வந்ததோ, "இந்தத் தடவை நானும் மேல வரேன். பையை வேற யாராவது பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிட்டேன். இனி என்ன செய்ய?

மார்ச் 5, புதன்

எலும்பு டாக்டரம்மாவிடம் போனேன். படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு வந்து, கட்டைவிரல் அடுத்த விரல் மேல் சாய்ந்திருக்கிறது. இதற்குப் பேர் பனியனாம். முப்பது வருடமாகத் துணி வெட்டுகிறேன், காலில் முளைக்கிற பனியனை இன்றுதான் கேள்விப்படுகிறேன். இப்போதைக்கு அறுவை சிகிச்சை வேண்டாம், முதலில் ஷூவை மாற்றுங்கள் என்றார். மலை ஏறலாமா என்று பயந்து பயந்து கேட்டேன்.

"மலை உங்களை ஒண்ணும் பண்ணாதும்மா. நீங்க போட்டிருக்கிற ஷூதான் பண்ணுது."

மார்ச் 8, சனி

காலையில் முதல் ஆளாக ஷூ கடைக்குப் போனேன். பழைய ஷூ ஒன்றைப் பையில் கொண்டுபோய், இதே அளவில் மலை ஏறுகிற ஷூ வேண்டும் என்று காட்டினேன். ஆறாம் நம்பர். கல்யாணத்திலிருந்தே ஆறாம் நம்பர்தான். சின்னக் கால் என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்கும் அதில் ஒரு பெருமை. சிவப்பும் சாம்பலுமாக அழகான ஜோடி. கொஞ்சம் பிடித்தது. போகப் போகச் சரியாகிவிடும் என்றார் கடைக்காரர்.

மார்ச் 9, ஞாயிறு

பூங்காவில் இரண்டு சுற்று. ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வீடு வந்தேன். போகப் போகச் சரியாகுமாம். எது, காலா?

மார்ச் 14, வெள்ளி

புது ஷூவும் கடிக்கிறது என்று போனில் புலம்பினேன். அக்கா சமாதானம் சொன்னாள். "விடுடி, கீழ உக்காந்தா என்ன குறைஞ்சிடும்?"

குளியலறைக்குப் போய் அழுதேன். குறைஞ்சிடும்தான்க்கா. எனக்கு அம்பத்திரண்டு வயசு. இப்பவே பெஞ்சுல உக்காந்துட்டா, அப்புறம் என்னை யாரும் எழுப்பக்கூட மாட்டீங்க.

மார்ச் 18, செவ்வாய்

ஒரு அம்மாள் சட்டை தைக்க வந்தார். பத்து வருடத்துக்கு முந்தைய அளவுச் சட்டையை நீட்டி, அப்படியே தைத்துக் கொடுங்கள் என்றார். நான் எல்லோருக்கும் பாடுகிற பாட்டைப் பாடினேன்: "சட்டையை வச்சா அளக்கிறது? ஆளை வச்சுதானே அளக்கணும்? நேரா நில்லுங்க." டேப்பை அவர் தோளில் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அவ்வளவு குண்டாகிவிட்டேனா என்று அந்த அம்மாள் பயந்துபோனார்.

அடி மக்கு! பழைய ஷூவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனவள் யார்? ஊருக்குத்தான் உபதேசம்.

நாள் முழுக்க நின்று கால் வீங்கியிருந்தது. அந்தக் காலோடே வீட்டுக்கு வந்து, பழுப்புத் தாளைத் தரையில் விரித்து, தடிமனான காலுறை போட்டு ஏறி நின்றேன். வீட்டுக்காரர் மண்டி போட்டுப் பென்சிலால் சுற்றி வரைந்தார். வெட்டியெடுத்து, அந்தச் சிவப்பு ஷூவின் உள்அட்டை மேல் வைத்தால், புடைப்புப் பக்கம் அரை அங்குலம் வெளியே நிற்கிறது. அரை அங்குலம்! துணியில் இப்படி வெட்டியிருந்தால் என்னை என்றைக்கோ வேலையை விட்டு அனுப்பியிருப்பார்கள். அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த நம்பருக்குள்ளயா இத்தனை வருஷமா காலை வச்சிருந்தே?" என்றார்.

மார்ச் 22, சனி

சிவப்பு ஜோடி பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போயிற்று. நான் கால் அளவுக்கு வெட்டிய தாளைப் பையில் வைத்துக்கொண்டு, மாலையில், அதே காலுறையோடு கடைக்குப் போனேன். ஒவ்வொரு ஷூவாக உள்அட்டையை உருவித் தாளை வைத்துப் பார்க்கிறேன், கடைக்காரர் அடுத்தடுத்த பெட்டியை எடுத்து வைக்கிறார். ஒன்பதாவது பெட்டியில் பொருந்தியது. எட்டாம் நம்பர், அதிலும் அகலம். கால் விரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலத்துக்கு இடம். ஷூவைச் சோதிக்கக் கடையில் வைத்திருந்த சரிவுப் பலகையில் இறங்கிப் பார்த்தேன், எங்கேயும் முட்டவில்லை. பார்க்க வாத்துக் கால்தான். இருக்கட்டுமே. எட்டாம் நம்பர் என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

ஏப்ரல் 5, சனி

தினமும் நடை. இன்று ஏழு கிலோமீட்டர்! புடைப்புக்கு நேராக உள்ள துளையில் கயிறு கோக்காமல் தாண்டிவிட்டேன், அந்த இடத்தில் இறுக்குவதில்லை. புடைப்பு அப்படியேதான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும், அதுவும் என் கால்தானே.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஏறிட்டேன்.

வண்டியிலிருந்து இறங்கியதுமே அத்தான் என் ஷூவைப் பார்த்து, வாத்து மேய்க்கப் போகிறாயா என்றார். அவர் காலில் நேற்று வாங்கிய பளபள பூட்ஸ். பைகள் எங்கே என்று தேடினேன். எல்லாவற்றையும் வண்டிக்குள்ளேயே வைத்து ஓட்டுநர் பூட்டிவிட்டார். அவ்வளவுதான் விஷயம். மூன்று வருடமாக இது ஒருத்தருக்கும் தோன்றவில்லை பார்! வந்த கோபத்தில் முதல் ஏற்றத்தை எல்லோருக்கும் முன்னால் ஏறி முடித்தேன்.

உச்சியில் காற்று ஆளையே தள்ளுகிறது. கீழே டீக்கடைக் கூரை தீப்பெட்டி அளவு, பெஞ்ச் கண்ணுக்கே தெரியவில்லை. அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "கீழயே இருன்னு சொன்னேனே, என்னை நாலு சாத்து சாத்தியிருக்கலாம்லடி" என்றாள். இரண்டு பேரும் அழுதோம். அவ்வளவு சந்தோஷம்.

இறங்கும்போது அத்தானின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. பாதி வழியில் பாறை மேல் உட்கார்ந்துவிட்டார். பூட்ஸைக் கழற்றினால் இரண்டு கட்டைவிரல் நகமும் சிவந்து கிடக்கிறது. மறுபடி மாட்டி, குதிகாலை பூட்ஸின் பின்பக்கம் தள்ளி உட்காரவைத்து, கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டேன். என்ன நம்பர் என்று கேட்டேன்.

"ஒன்பது. காலேஜ்ல இருந்தே ஒன்பதுதான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஏப்ரல் 24, வியாழன்

மாலை ஆறு மணிக்குக் கடை வாசலில் அத்தான். காலில் செருப்பு, கையில் தடிமனான காலுறை. அக்காவிடம் நான் சொன்ன தாள் கதை அவர் காதுக்கும் போயிருக்கிறது. தையல்காரர்கள் யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மெல்லக் கேட்டார்: "எங்க நிக்கணும்?"

பழுப்புத் தாளை விரித்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார் பாவம், இடுப்பளவு எடுப்பது போல.

பதினொன்றாம் நம்பர் வந்தது. பின்னால் அக்காவும் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறாள்.