பிழை எண் ஐந்து

மார்ச் 4, செவ்வாய்

பிரசவ வார்டு சிஸ்டர் காலையிலேயே போன் செய்தார், பாஸ்வேர்டு மறந்துவிட்டதாம். மாதம் ஒருமுறை மறப்பார். கம்ப்யூட்டரில் கட்டளை போடும் கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரி தட்டினால் புது பாஸ்வேர்டு ரெடி. டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. தட்டினேன். "பிழை எண் 5. அனுமதி மறுக்கப்பட்டது" என்று பல்லைக் காட்டியது. யாருக்கு மறுக்கிறது? இந்த மருத்துவமனையில் எல்லோருக்கும் அனுமதி கொடுக்கிறவனே நான்தான்.

அவசரத்தில் நிர்வாகி உரிமை இல்லாமல் திறந்துவிட்டேனோ என்று மூடிவிட்டு முறைப்படி திறந்தேன். அதே பதில். எதிர் மேசையில் மைத்துனன். "மாப்ள, நீ ஒரு தடவை போடு" என்றேன். போட்டான், கட்டளை ஒரே தடவையில் போய்விட்டது. சிஸ்டர் எனக்கு நன்றி சொன்னார்.

வீட்டில் மனைவிக்கு வேறு கவலை. மருத்துவமனையை வாங்கிய புது நிர்வாகம், கம்ப்யூட்டர் பிரிவுக்கு எதற்கு ரெண்டு ஆள் என்று கேட்கிறதாம். "என்னங்க, என் தம்பியை விட்டுடாதீங்க. கைக்குழந்தையை வச்சிருக்கான்." நான் இருக்கிறவரை அவன்மேல் யாரும் கை வைக்க முடியாது என்றேன்.

மார்ச் 5, புதன்

மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேருக்கும் பிழை ஐந்து. மூன்றையும் மைத்துனனிடம் தள்ளினேன்.

மார்ச் 6, வியாழன்

அவன் மேசையிலிருந்து போகிறது, என் மேசையிலிருந்து போகவில்லை. அப்படியென்றால் என் கம்ப்யூட்டரில்தான் கோளாறு. கடிகாரத்தைப் பார்த்தேன், நேரம் தப்பினால் சர்வர் முகம் கொடுக்காது. சரியாகத்தான் ஓடுகிறது. வரியின் கடைசியில் 'நெட்வொர்க் முழுவதும்' என்பதற்கான சொல்லை விட்டுவிட்டால் இந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் தேடும். விடவில்லை. சிஸ்டரின் கணக்கில் யார் யார் கை வைக்கலாம் என்பதை வரி வரியாகப் படித்தேன். 'நிர்வாகிகள் குழு' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. பிறகு என்னதான் கேடு இதற்கு?

மண்டை காய்ந்துவிட்டது.

மார்ச் 7, வெள்ளி

புது மேலாளர் மேடத்தைப் போய்ப் பார்த்தேன். எனக்காக யாரிடமும் இப்படிப் போய் நின்றதில்லை. "அவன் கெட்டிக்காரன் மேடம், சின்ன வயசு, குடும்பம் இருக்கு. அவனை எடுத்துடாதீங்க" என்றேன். மேடம் முன்னாலிருந்த ஃபைலை மூடி வைத்தார். "நாங்களும் அதைத்தான் யோசிச்சோம் சார்" என்றார். நல்ல மனசு. மனைவியிடம் சொன்னதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

மார்ச் 8, சனி

என் கம்ப்யூட்டரைத் துடைத்துப் போட்டு, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினேன். நாள் முழுக்க அதே வேலை. "விடுங்க மாமா, அதை எதுக்குப் போட்டுக் கஷ்டப்படுத்திக்கிட்டு" என்றான் மைத்துனன். "அதெப்படி விடறது? என்னன்னு தெரிய வேணாமா?" அவன் தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான். சாப்பிடக்கூட என்னோடு வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு எப்போதும் வருகிறவன் வரவில்லை. குழந்தைக்குச் சளியாம்.

மார்ச் 10, திங்கள்

புதிதாக ஏற்றிய கம்ப்யூட்டரிலும் ஐந்து.

அவசர சிகிச்சை டாக்டர் தானே இறங்கி வந்துவிட்டார். அவருடைய கணக்கு பூட்டிக்கொண்டதாம், நோயாளியின் ஸ்கேனைத் திறக்க முடியவில்லை. என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார். தட்டினேன். மறுத்தது. மறுபடி தட்டினேன். "சீக்கிரம் சார், உள்ள ஆள் துடிச்சிட்டிருக்காரு." மைத்துனன் சீட்டில் இல்லை. மாடிப்படியெல்லாம் ஓடித் தேடிப் பிடித்து வந்தேன். அவன் நின்றபடியே ஒரு வரி தட்டினான். டாக்டர் அவனுக்கு நன்றி சொல்லிவிட்டு ஓடினார்.

அதற்குப் பிறகுதான் உறைத்தது. போன் செய்கிற ஒவ்வொருவரிடமும் நான் முதலில் சொல்வது "உங்க பக்கம் சரியா இருக்கான்னு பாருங்க" என்பதுதான். ஊரார் கணக்கையெல்லாம் புரட்டினேனே — என் பெயரை ஒரு தடவை போட்டுப் பார்த்தேனா?

பார்த்தேன். நிர்வாகிகள் குழுவில் நான் இல்லை. 'சாதாரணப் பயனர்' என்று இருக்கிறது. சலவைப் பிரிவு ஆட்களுக்கு இருப்பது போல.

யார் எடுத்தது? எதுக்கு எடுத்தாங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா யாருக்கும்?

"மாப்ள, என் பேரைக் காணோமே" என்றேன். "தலைமையகத்துல ஏதோ மாத்திக்கிட்டு இருக்காங்க மாமா" என்றான். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

அவனிடம் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவானோ என்று பயம்.

மார்ச் 12, புதன்

காலையில் உட்கார்ந்து என் பாஸ்வேர்டைப் போட்டேன். தவறு என்றது. எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத் திரும்பப் போட்டேன். தவறு.

திரும்பினால், மைத்துனன் எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

"மேடம் இப்பக் கூப்பிடுவாங்க மாமா."

"நீதான் மாத்தினியா?"

"என்னைத்தான் மாத்தச் சொன்னாங்க. முன்னாடி உங்க பேரைக் குழுவிலிருந்து எடுக்கச் சொன்னதும் என்னைத்தான். வெளியில சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை இல்லைன்னாங்க."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"ஒரே தடவையில போச்சா?"

"போச்சு மாமா" என்றான். அதற்குள் மேடம் கூப்பிட்டுவிட்டார். மேடத்தின் அறைக்குள் என்ன சொன்னார்கள் என்பது பாதிதான் காதில் விழுந்தது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக் கதவைத் திறக்கும்போதே மனைவிக்குச் சிரிப்பு. "தம்பி போன் பண்ணினான். வேலை நிலைச்சிடுச்சாமே! எல்லாம் மாமாவாலதான்னு சொல்லிட்டு அழுதுட்டான் அவன். சந்தோஷத்துல பேச்சே வரல." என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அடுப்படியிலிருந்து கேட்கிறாள், காலையில் எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று. வழக்கம்போல எழுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.